காதியார் விறாந்தையில் எங்கள் மௌனம்

முதலில் கண்ணில் பட்டது செருப்புகள்தான்.

காதியார் வீட்டு விறாந்தைப் படியில் தொடங்கி, மணல் முற்றத்தில் இறங்கி, கொய்யா மரத்தடி வரைக்கும் செருப்புகள். குதி தேய்ந்த றப்பர் செருப்பு, கலியாண வீட்டுக்கு மட்டும் போடுகிற மினுக்குச் செருப்பு, சேறு காயாத வயல் செருப்பு. ஒரு சோடியில் ஒன்று நீலம், மற்றது சிவப்பு. யாரோ அவசரத்தில் காலில் அகப்பட்டதை மாட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள்.

நான் மதில் கடப்பிலேயே நின்றுவிட்டேன். என்னோடு வந்த தவமணி எட்டிப் பார்த்தாள்.

"என்னகா றிஸானா, இஞ்ச கந்தூரிச் சோறு குடுக்காங்களா?" என்று கேட்டாள்.

"கந்தூரி இல்லகா. குடி வந்திரிக்கி" என்றேன். இவ்வளவு பேர் வருவார்கள் என்று நான் நினைக்கவேயில்லை. ஒருத்தியும் வரமாட்டாள் என்றுதான் முதல் நாள் வரைக்கும் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முஸ்லிம் கலியாண வழக்குகளை விசாரிக்கிற இந்தக் காதியார் எந்த ஊர் என்று கேட்காதீர்கள். கல்முனையிலிருந்து தெற்கே போகிற பஸ்ஸில் ஏறினால், அடுத்தடுத்து இறங்குகிற ஊர்களில் ஒன்று. அவ்வளவு போதும்.

வீடு இருந்தால் போதுமா?

போன கிழமை எங்கள் கரையின் சீதன வீடுகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கொழும்பிலிருந்து ஒருவர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். "உங்க பக்கத்துல வீடே பொம்பளைங்க பேர்லதானே இருக்கு? அப்புறம் என்னத்துக்கு இந்தப் போராட்டம், உரிமை எல்லாம்?" என்று கேட்டார். நல்ல மனிதர்தான். கேள்வியும் நல்ல கேள்விதான். எனக்குத்தான் சுர்ரென்று ஏறியது.

உண்மை, எங்கள் ஊர்களில் பெண் பிள்ளை பிறந்தால் வாப்பா வீடு கட்டக் கல் வாங்கத் தொடங்கிவிடுவார். கலியாணம் முடிந்ததும் பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் ஒரு சூட்கேசோடு அவள் வீட்டுக்கு வந்து சேருவார். என் மனிசனும் அப்படி வந்தவர்தான். சண்டை வந்தால் "நான் சூட்கேசத் தேடட்டா?" என்று கேட்பார். "அது அலுமாரிக்கு மேலதான் இரிக்கி" என்பேன்.

ஒரு காலத்தில் நான் இதைக் கொழும்புக் கூட்டமொன்றில் பெருமையாகச் சொன்னேன். பெண்ணியம் படித்த பெண்கள் எல்லாம் கைதட்டினார்கள். வீடுதான் பெண்ணின் சிறை என்று புத்தகத்தில் படித்தவர்களுக்கு, வீடே பெண்ணுக்குச் சொந்தம் என்பது பெரிய அதிசயம். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ரயில் ஏறி வந்தேன்.

வந்து பார்த்தால் எங்கள் அதிசயத்தின் மறுபக்கம் அப்படியே கிடந்தது. வீடு அவள் பேரில். ஆனால் அந்த வீட்டு முன்னறையில் நடக்கிற நிக்காஹ்வில் அவளுக்குக் கையெழுத்து இல்லை. வாப்பாவோ, காக்கா என்கிற அண்ணனோ அவளுக்காகப் பேசி, அவளுக்காக ஒப்பமிட்டு முடிப்பார்கள். பிறகு அந்தக் கலியாணம் கசந்தால் அதைத் தீர்க்கிற காதி நீதிமன்றத்திலும் ஒரு பெண் காதியாக உட்கார முடியாது. இந்தச் சட்டத்தைத் திருத்துங்கள் என்று நாங்கள் கத்தத் தொடங்கி எத்தனையோ காலமாகிறது. கத்துவதால் ஊரில் எனக்கு "வழக்குக்காரி" என்று பட்டப்பெயர்.

தொதல் துண்டு

என் நிக்காஹ் நினைவுக்கு வருகிறது. உள்ளறையில் என்னை இருத்தியிருந்தார்கள். மல்லிகை வாசமும் புதுச் சாரியின் கஞ்சி வாசமும் சேர்ந்து தலையிடித்தது. முன்னறையில் ஆண்களின் சத்தம். பசி வேறு. என் சாச்சி பார்த்துவிட்டு, பிசின் போல ஒட்டுகிற தொதல் இனிப்பில் ஒரு பெரிய துண்டை என் வாயில் திணித்தாள்.

சரியாக அந்த நேரம் வாப்பா கதவடியில் வந்து நின்றார்.

"மகள், சம்மதம்தானே?"

தொதல் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாயைத் திறக்க வழியில்லை. நான் குனிந்தேன். பெண்கள் எல்லாரும் "வெக்கப்படுது, வெக்கப்படுது" என்று சிரித்தார்கள். வாப்பா திரும்பிப் போய்விட்டார். கன்னிப் பெண் வெட்கத்தில் பேசாமல் இருந்தால் அதையே சம்மதமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது மார்க்கம் கொடுத்த சலுகை. கூச்சப்படுகிற பிள்ளையை வற்புறுத்திப் பேச வைக்காதே என்கிற இரக்கம் அது. நம்மவர்கள் அதை எப்படியெல்லாம் பாவித்தார்கள் என்பது வேறு கதை.

இந்தத் தொதல் கதையை நான் எங்கே சொன்னாலும் சிரிப்பார்கள். சுபைதா ராத்தா மட்டும் சிரிக்கவில்லை. "எனக்குத் தொதலும் தரல்ல. சும்மாதான் இருந்தன்" என்றார்.

சுபைதா ராத்தாவின் மகளுக்காகத்தான் அன்று அத்தனை செருப்புகளும் வந்து கிடந்தன.

நஸீஹாவின் காது

மகள் பெயர் நஸீஹா. பாலர் பாடசாலையில் படிப்பிப்பவள். சின்னஞ்சிறுசுகளோடு பேசிப் பேசி அவள் குரலே மெத்தென்று ஆகிவிட்டது. கோபம் வந்தாலும் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது போலத்தான் கதைப்பாள்.

புருஷன் அஸ்மீருக்கு டவுனில் போன் கடை. ஒரு நாள் அவன் அறைந்த அறையில் அவள் தோடு காதுச் சோணையைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. அது முதலாவது அடியுமல்ல. அதற்குப் பிறகு அவள் கதவைத் திறக்கவில்லை. அவன் தன் உம்மா வீட்டுக்குப் போனான். அங்கிருந்து சொல்லியனுப்பினான்.

"வீட்ட என்ட பேருக்கு எழுதித் தரட்டும், தலாக் சொல்றன். இல்லாட்டி சாகுமட்டும் அவள் என்ட பொண்டாட்டிதான்."

அந்த வீட்டுக்கு ஒரு கதை இருக்கிறது. சுபைதா ராத்தாவின் பழைய வீடு கடலோரத்தில் இருந்தது. சுனாமி அதையும் கொண்டுபோனது, அவர் புருஷனையும் கொண்டுபோனது. பிறகு புது வீடு கொடுக்க வந்த இடத்தில் "குடும்பத் தலைவர் யார்?" என்று கேட்டார்கள். "நான்தான்" என்றார். "ஆம்பிளை ஒராளைக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். உம்மாவிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து அவள் மகளுக்கு என்று வந்த மண்ணில், புது வீட்டுப் பத்திரம் அவருடைய தம்பி பேரில் எழுதப்பட்டது. எங்கள் கரை முழுக்க அப்படித்தான் நடந்தது. நல்ல காலம், தம்பி நேர்மையானவர். நஸீஹாவின் கலியாணத்துக்கு அதை அவள் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுக் கட்டாருக்கு வேலைக்குப் போனார்.

கடலிடமிருந்தும் காகிதத்திடமிருந்தும் மீண்ட வீடு அது. அதைத்தான் அஸ்மீர் கேட்டான்.

நஸீஹா காதியாரிடம் பஸஹ் கேட்டு மனுக் கொடுத்தாள். பஸஹ் என்றால், தக்க காரணம் காட்டிப் பெண் தானே கேட்டுப் பெறுகிற விவாகரத்து. அது கிடைத்தால் வீட்டைக் கொடுக்கத் தேவையில்லை. கிடைக்காவிட்டால் ஒன்று வீடு போகும், இல்லாவிட்டால் அவள் வாழ்க்கை போகும்.

பூப்போட்ட திரை

காதியார் கெட்டவர் என்று நான் எழுதினால் அது பொய். மரியாதையான மனிதர். எல்லாப் பெண்களையும் "மகள்" என்றுதான் அழைப்பார். ஆனால் அவர் விசாரிக்கிற விறாந்தையின் ஒரு மூலையில் பூப்போட்ட திரை ஒன்று தொங்கும். ஆண்கள் முன்னால் கதிரையில் இருப்பார்கள். பெண் திரைக்குப் பின்னால், ஒரு பழைய பிரிஜ்ஜுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பிரிஜ் "ங்ங்ங்" என்று இரைந்துகொண்டிருக்கும். நஸீஹாவின் மெத்தென்ற குரல் அந்த இரைச்சலைத் தாண்டி எப்படி வரும்?

முதல் தடவை அவள் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. அஸ்மீரும் அவனுடைய மாமாவும்தான் கதைத்தார்கள். காதியார் "சபூர் செய்ங்க மகள், பொறுமையா இரிங்க" என்று தவணை போட்டார். அடுத்த தடவையும் அதேதான். அதற்கடுத்த தடவை சலித்துப்போய்ச் சொன்னார்:

"உங்களுக்கு வாப்பா மௌத்து. மாமா கட்டார்ல. பொம்புளப் புள்ள தனியக் கதைச்சா நான் எதை எடுக்கிற? உங்கட குடி மரைக்காரக் கூட்டிட்டு வாங்க. குடி என்ன சொல்லுதெண்டு பாப்பம்."

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஊர்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு குடி, அதாவது ஒரு வம்சக் கூட்டம், உண்டு. அது தாய் வழியாக வருவது. உம்மாவின் குடிதான் பிள்ளைக்கும். பள்ளிவாசலில் அந்தக் குடிக்காகப் பேசுகிறவர் மரைக்கார். அவர் ஆண்.

நாங்கள் மரைக்கார் வீட்டுக்குப் போனோம். தேத்தண்ணி எல்லாம் தந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வீட்டக் குடுத்திட்டு நிம்மதியா இருங்களன். கல்லும் மண்ணும் தானே. குடும்பப் பிரச்சினைக்குள்ள நான் வாற சரியில்ல" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தேத்தண்ணிக் கோப்பையை அவர் மடியில் கவிழ்த்திருப்பேன். சுபைதா ராத்தா என் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு வந்துவிட்டார். ஒழுங்கையில் வரும்போது அவர் செருப்பு வார் கழன்றது. குனிந்து அதைச் சரிசெய்துகொண்டே சொன்னார்:

"மரைக்கார் வராட்டிப் போகட்டும் றிஸானா. குடி அவரிட்ட இருந்தா வந்த? நம்மட வயித்தில இருந்து வந்த."

நான் நடுத் தெருவில் நின்றேன். தாய்வழிச் சமூகம், ஆணாதிக்கம் என்று எத்தனை பயிற்சி வகுப்பில் குந்தியிருப்பேன்! இந்த ஒரு வசனத்தை எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அன்று பின்னேரம் தவமணியிடம் இதைச் சொன்னேன். அவள் வீரமுனைத் தமிழ் ஊர்க்காரி. என்னோடு பெண்கள் வட்டத்தில் வேலை செய்கிறவள். பெரிதாகச் சிரித்தாள்.

"எங்களுக்கும் குடி தாய் வழிதான்கா. கோயில் திருவிழாவில குடிக்குக் குடி பங்கிரிக்கி. ஆனா குடிக்காகக் கோயில்ல நிக்கிற வண்ணக்கர் ஆம்பிளைதான். பெத்தது நாங்க, பேர் சொல்ற அவங்க" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அண்டைக்கு நானும் வாறன்" என்றாள். அவள் வெளியாள், அதுவும் எங்கள் இரண்டு சனத்துக்கும் இடையில் எவ்வளவோ நடந்த மண் இது என்று நான் இழுத்தேன். "ஒரு மூலைல குந்தி இருப்பன். என்னை யார் என்ன கேக்கப் போற?" என்றாள்.

சுபைதா ராத்தா வீடு வீடாகப் போனார். கதவைத் தட்டி, "காதியார் குடியக் கூட்டிட்டு வரச் சொன்ன" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். நான் தலையில் கைவைத்தேன். "யாரும் வரமாட்டாங்க ராத்தா. புருஷன்மாருக்குப் பயம், ஊருக்குப் பயம்" என்றேன்.

"பயந்தா என்ன? பயந்து பயந்து வரட்டும்" என்றார்.

அந்தக் காலை

வந்தார்கள். பயந்து பயந்துதான் வந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். மீன் வெட்டிய கையை அவசரமாகக் கழுவிவிட்டு வந்தவள், பாடசாலைக்கு லீவு போட்ட ஆசிரியை, நிறைமாதக்காரி ஒருத்தி, ஊன்றுகோலோடு ஒரு பெரிய மனிசி. ஒருத்தியும் பதாகை தூக்கவில்லை, கோஷம் போடவில்லை. விறாந்தைத் தரையிலும் படியிலும் மணலிலும் ஹபாயாவை ஒதுக்கிக்கொண்டு குந்தியிருந்தார்கள். அல்லாஹ்வே, இவர்கள் எல்லாரும் இந்த ஊரில்தானே இருந்தார்கள்!

நஸீஹா வழக்கம் போல் திரைக்குப் பின்னால் போய் இருந்தாள். அஸ்மீரும் மாமாவும் கதிரையில். காதியார் வெளியே வந்து எல்லாரையும் பார்த்தார்.

"இதென்ன கூட்டம்? மரைக்கார் எங்க?"

"அவர் வரல்ல காதியார். குடி வந்திரிக்கி" என்றார் சுபைதா ராத்தா.

அஸ்மீர் பக்கென்று சிரித்தான். "பொம்புளையளா குடி?"

காதியார் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் கதிரையில் அமர்ந்து, "சரி. குடி வந்தா குடிட வார்த்தை வேணும். யாரு கதைக்கிற?" என்றார்.

ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

எழும்பிக் கத்தலாம் என்று பார்த்தேன். தவமணி என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். நான் அந்தக் குடி இல்லை, பேசினால் எல்லாம் கெட்டுவிடும். ஒழுங்கையில் மீன்காரரின் ஹோர்ன் போனது. கொய்யா மரத்தில் ஒரு காகம் கத்தியது. திரைக்குப் பின்னால் பிரிஜ் இரைந்துகொண்டே இருந்தது. பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

"பாத்தீங்களா காதியார்? ஆக்களச் சேர்த்தாப் போதுமா? வாய் வேணுமே" என்றார் அஸ்மீரின் மாமா.

காதியார் பேனையைக் கீழே வைத்தார். "நீங்க ஒராளும் ஒண்டும் சொல்லல்லியே. நான் என்னெண்டு எழுதுற?"

சுபைதா ராத்தா எழும்பினார். முழங்கால் வலிக்காரி, தூணைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினார்.

"காதியார், இதில இரிக்கிற எல்லாருக்கும் நிக்காஹ் நடந்த. அண்டைக்கும் நாங்க வாய் தொறக்கல்ல. சும்மா குனிஞ்சுதான் இருந்தம். அத நீங்க எல்லாரும் சம்மதமெண்டு எடுத்தீங்க. அத வெச்சுத்தான் எங்கட வாழ்க்கை முழுக்க நடந்த. அண்டைக்கு அது செல்லுமெண்டா, இண்டைக்கும் செல்லும். என்ட மகள் சொல்லப்போற ஒவ்வொரு வார்த்தைக்கும் நாங்க இப்பிடியே இரிக்கம். எழுதுங்க."

சொல்லிவிட்டு அவர் மறுபடியும் தரையில் குந்தினார்.

எங்கள் கூட்டங்களில் "மௌனத்தை உடைப்போம்" என்று பதாகை கட்டியவள் நான். இந்த மனிசி அதை உடைக்கவில்லை. காலமெல்லாம் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்ட அதே மௌனத்தைத் திரும்ப எடுத்து, காதியாரின் மேசையில் வைத்துவிட்டார்.

காதியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

"மகள், திரைக்கு இஞ்சால வாங்க. கதிரையையும் எடுத்திட்டு வாங்க" என்றார் காதியார்.

நஸீஹா வந்தாள். கதிரையை அஸ்மீருக்கு நேரெதிரே போட்டாள். அதே மெத்தென்ற குரலில், ஒன்று விடாமல் சொன்னாள். இப்போது எல்லாருக்கும் கேட்டது.

"அடிச்சதுக்குச் சாட்சி?" என்று அஸ்மீரின் மாமா இடையில் பாய்ந்தார்.

"என்ட காதிரிக்கி. ஆம்பிளையளுக்கு முன்னால முக்காட்டக் கழட்ட ஏலா" என்றாள் நஸீஹா. பிறகு கதவு நிலையைப் பார்த்தாள். "அவங்க பாத்திட்டு வந்து சொல்லட்டும்."

காதியாரின் மனைவி கணவரின் முகத்தைப் பார்க்கவேயில்லை. நஸீஹாவை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"சோணை ரெண்டாக் கிழிஞ்சிரிக்கி. நான் பாத்தன். எழுதுங்க" என்றார்.

காதியார் பேனையை எடுத்தார்.

வரலாமா?

திரும்பி வரும்போது ஓட்டோக்களில் அடைந்து வந்தோம். காலையிலிருந்து ஒரு சொல் பேசாதவர்கள், ஏறிய உடனே எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள் பாருங்கள், காது கிழிந்தது. "அஸ்மீர்ட மூஞ்சியப் பாத்தியாகா!" "என்ட செருப்பு மாறிட்டு புள்ள!" தவமணி நடுவில் நசுங்கிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

சில தவணைகள் கழித்து நஸீஹாவுக்கு பஸஹ் கிடைத்தது. வீட்டில் யாரும் கைவைக்கவில்லை. சட்டம் மாறிவிட்டதா என்று கேட்டால், இல்லை. அந்தப் பூப்போட்ட திரை இன்னும் அதே மூலையில்தான் தொங்குகிறது. நாங்களும் இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அந்த ஊரில் இப்போது ஒரு பெண் தவணைக்குப் போகிறாள் என்றால், கேட்காமலே நாலு பெண்கள் செருப்பை மாட்டுகிறார்கள்.

விவாகரத்துக்குப் பிறகு பெண் காத்திருக்கிற இத்தாக் காலம் முடிந்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸ்மீர் தன் சாமான்களை எடுக்க வந்தானாம். அவன் மாப்பிள்ளையாகக் கொண்டுவந்த சூட்கேசை நஸீஹா ஏற்கனவே கடப்படியில் கொண்டுவந்து வைத்திருந்தாள். உடுப்பு, சவரப் பெட்டி, தொழுகைப் பாய் எல்லாம் அதற்குள் ஒழுங்காக மடித்து வைத்திருந்தாள். அவன் அதை எடுக்காமல் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றானாம்.

"ஒருக்கா உள்ள வரலாமா நஸீஹா?" என்று கேட்டானாம். அத்தனை வருடம் கேட்காமல் நுழைந்த வீடு.

"நீ என்ன புள்ள சொன்ன?" என்று பதறிக் கேட்டேன் நான்.

நஸீஹா பாலர் வகுப்புக்குக் கடதாசிப் பூ வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலை நிறுத்தவேயில்லை.

"நான் ஒண்டும் சொல்லல்ல ராத்தா, சும்மாதான் நிண்டன்" என்றாள். "அவர் உள்ள வரல்ல."